நாடா வெட்டிய பின்னும் நமக்கு வேலை உண்டு

"பிள்ளை, கோச்சி வருகுதாம். நீ போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று எனது அம்மம்மா என்னை அனுப்பிவைத்த நாள் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி. அன்றுதான் யாழ்ப்பாணப் புகையிரத நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் நின்றுபோன புகையிரதம் 24 ஆண்டுகளுக்குப் பின்னர் எமது நகருக்குள் வந்தது. வயதானவர்கள் கண்ணீர் விட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வவுனியாவில் நான் புகையிரதத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொந்த ஊரில் அதைப் பார்ப்பது எனக்கும் அன்றுதான் முதல் தடவை.

அந்தக் கூட்டத்தில் எனது கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. எமது கிராமத்து மாதர் சங்கத்துக் கொப்பி அது. எங்கள் ஊருக்கு அருகே கட்டப்பட்டுவந்த சிறிய புகையிரத நிலையத்தின் வேலைகளை ஓராண்டாகப் பார்த்துப் பார்த்து எழுதிவந்த கொப்பி. நகர நிலையத்தில் நாடா வெட்டப்பட்ட அன்று, எங்கள் கொப்பியில் இன்னும் 11 விடயங்கள் கோடு கீறப்படாமல் இருந்தன. அந்தக் கொப்பியைப் பற்றியும், அதில் நாங்கள் எழுத மறந்த ஒரு விடயத்தைப் பற்றியும் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த பாதையும் போன பாதையும்

குடாநாட்டில் முதன்முதலாகப் புகையிரதம் ஓடியது 1902ஆம் ஆண்டில். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பாதையே முதலில் திறக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டில் பாதை முழுமையாகி, கொழும்புடன் யாழ்ப்பாணம் இணைந்தது. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த கணவன்மார் சனி, ஞாயிறில் வீடு வந்து போனதும், பனங்கிழங்கும் ஒடியல் மாவும் கட்டிய பொதிகள் தெற்கே போனதும் அந்தப் பெட்டிகளில்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதைகளில் பாதி யாழ்தேவியில்தான் நடக்கும்.

யுத்தம் அதை நிறுத்தியது. 1990இற்குப் பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. நிலையக் கட்டடங்கள் செல்லடியில் சிதைந்தன. இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில அக்கட்டடங்களிலும் புகையிரதக் காணிகளிலும் கொட்டில் போட்டுக் குடியிருந்தன. தண்டவாளம் இல்லாத அந்த மேட்டு நிலம் மெல்ல மெல்ல ஒரு நடைபாதையாக மாறியது. எங்கள் ஊரில் பெண்கள் சந்தைக்குப் போனதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனதும் அந்த வழியால்தான். எனது தலைமுறைக்குப் "ரெயில் றோட்டு" என்றால் ரெயில் ஓடாத றோட்டு என்றுதான் அர்த்தம்.

யுத்தம் முடிந்த பின்னர் பாதை துண்டு துண்டாக வடக்கு நோக்கி வந்தது. 2011இல் ஓமந்தை, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை. வேலையை மேற்கொண்டது இந்திய அரசுக்குச் சொந்தமான இர்கொன் நிறுவனம். வட பகுதிப் புகையிரதப் பாதைகளுக்காக இந்தியா வழங்கிய சலுகைக் கடன்களின் தொகை ஏறத்தாழ 80 கோடி அமெரிக்க டொலர்.

"இந்தியா கட்டித் தந்தது" என்று எம்மவர் பலர் சொல்வதுண்டு. ஆனால் கடன் என்பது திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். நாம் வாங்கும் சீனியிலும் சவர்க்காரத்திலும் அறவிடப்படும் வரியிலிருந்துதான் அரசாங்கம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே அந்த நிலையத்தின் ஒவ்வொரு கல்லிலும் எங்கள் வீட்டுச் செலவுக் காசும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், "கேள்வி கேட்க நாங்கள் ஆர்?" என்ற தயக்கம் தானாகவே போய்விடும்.

மிச்சப் பத்து வீதம்

சமூகவியல் பட்டம் பெற்று, வேலை தேடி அலைந்து, ஒரு பெண்கள் நலன்புரி அமைப்பில் களப்பணியாளராக நான் சேர்ந்த காலம் அது. நிலைய வேலை நடக்கும் இடத்திற்கு அருகில் கூடும் மாதர் சங்கம் எனது பொறுப்பில் இருந்தது. ஒருநாள், வேலை எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று மக்களுக்கு விளக்க ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. முன் கதிரைகளில் எல்லோரும் ஆண்கள். பின்னால் நாங்கள் ஒன்பது பெண்கள்.

வந்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் "தொண்ணூறு வீத வேலை முடிஞ்சுது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது எங்கள் சங்கத்துப் பொருளாளர் அக்கா எழுந்தார். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் விதவைத் தாய் அவர். 1995ஆம் ஆண்டு செல் ஒன்று அருகில் வெடித்ததில் அவரது வலக்காது கேட்காமல் போய்விட்டது. அதனால் எப்போதும் சற்று உரத்தே பேசுவார்.

"தம்பி, மிச்சப் பத்து வீதம் என்ன?"

"அது அக்கா, பெயின்ற் அடிக்கிறது, மலசலகூடம், ஸ்ரேசனுக்கு வாற ஒழுங்கை, லைற்... உப்பிடிச் சின்னச் சின்ன வேலையள்தான்."

"உந்தப் பத்து வீதத்துக்குள்ளதான் ராசா எங்கட சீவியம் கிடக்கு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உத்தியோகத்தரும் சிரித்தார். அன்று பின்னேரம் சங்கத்துக்குத் திரும்பியபோது நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா சொன்னது உண்மை என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. பொறியியலாளர் வேலையின் முன்னேற்றத்தை அளப்பது கொங்கிறீற்றின் கனவளவிலும் தண்டவாளத்தின் நீளத்திலும். அது அவருடைய கடமை. பிழை சொல்ல முடியாது. ஆனால் மாதவிடாய்க் காலத்தில் பயணம் செய்யும் பெண்ணுக்கும், இரவு வண்டியில் வந்திறங்கும் பிள்ளைக்கும், ஒரு காலை இழந்த சகோதரிக்கும் அந்த நிலையம் உதவுமா என்பதை அந்த அளவுகோல் காட்டாது. அதைக் காட்ட எங்களுக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும் என்று தீர்மானித்தோம். அடுத்த நாள்தான் அந்தச் சீ.ஆர். கொப்பி வாங்கப்பட்டது.

கொப்பியில் எழுதியவை

ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேர் முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். வேலைத்தளத்திற்குள் நுழைய எங்களுக்கு அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததையும், வேலை செய்யும் தம்பிமாரிடம் கேட்டதையும் எழுதினோம். திகதி, பார்த்தவர் பெயர், பார்த்தது, கேட்டது, கிடைத்த பதில் என ஐந்து நிரல்கள்.

பெண்கள் மலசலகூடத்தின் வாசல் மேடையில் நிற்போரின் கண் நேரே படும்படி அமைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி வந்திருந்தும் குழாய் பொருத்தப்படவில்லை. மேடைக்கு ஏற ஆறு படிகள் இருந்தன. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரையுள்ள ஒழுங்கையில் ஒரு விளக்குக்கூட இல்லை.

இவற்றை எழுதி, சங்கத்தின் முத்திரை குத்தி, உரிய அலுவலகங்களுக்குக் கொடுத்தோம். "வரைபடம் முடிஞ்சுது, இனி மாத்தேலாது" என்பது முதற் பதில். நாங்கள் விடவில்லை. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகம் வரை போனோம். இறுதியில் மலசலகூட வாசலுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர் எழுந்தது. குழாய் வந்தது. மேடையின் ஒரு பக்கத்தில் சாய்தளம் போடப்பட்டது. ஒழுங்கைக்கு விளக்கு வர மட்டும் அடுத்த மழைக்காலம் ஆயிற்று. விளக்குப் போடுவது புகையிரதப் பகுதியின் வேலையா, உள்ளூராட்சி சபையின் வேலையா என்று இரண்டு இடத்திலும் ஆளை ஆள் காட்டினார்கள்.

எனினும் நாங்கள் பெருமையோடுதான் இருந்தோம். ஒன்பது பெண்கள் ஒரு சுவரை எழுப்பிவிட்டோமல்லவா!

எழுத மறந்த விடயம்

காங்கேசன்துறை வரை வண்டி ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழிந்திருந்தன. ஒரு விடியற்காலை. பொருளாளர் அக்கா இடியப்பப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, 20 வருடங்களாகப் போய்வந்த அதே ஒழுங்கையால் தண்டவாளத்தைக் கடந்தார். கடவையில் படலையும் இல்லை, மணியும் இல்லை. வண்டி அவரது வலப்பக்கத்திலிருந்து வந்தது. கேட்காத காதின் பக்கம்.

பின்னால் வந்த பாடசாலை மாணவன் ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரது சட்டையைப் பிடித்து இழுத்தான். அக்கா கல்லுக்குவியலில் விழுந்தார். சைக்கிள் வண்டியில் சிக்கி நெளிந்துபோனது. இடியப்பம் தண்டவாளம் நெடுகச் சிதறிக் கிடந்தது. முழங்கையில் ஒரு முறிவோடு அக்கா தப்பினார்.

அவரை வைத்தியசாலையில் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு நான் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை "கடவை" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேலிக்குள்ளே இருந்த கட்டடத்தை மட்டுமே நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டையும் சந்தையையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்துக்கொண்டு போகும் அந்தக் கோட்டை நாங்கள் பார்க்கவில்லை. அது எங்களுக்குப் பழகிய நடைபாதை. அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். சமூகவியல் படித்த எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும். மக்கள் எந்த வழியால் நடக்கிறார்கள் என்பதை முதலில் பார் என்றுதானே எனக்குப் படிப்பித்தார்கள்?

பழைய வண்டிகளின் வேகம் அல்ல இப்போதைய வேகம். கொங்கிறீற்றுச் சிலிப்பர்களின் மேல் போடப்பட்ட புதிய பாதையில் வண்டி விரைவாகவும் சத்தம் குறைவாகவும் வருகிறது. புகையிரதத்தோடு வளராத ஒரு தலைமுறைக்கு அதன் தூரத்தையும் வேகத்தையும் கண்ணால் மதிப்பிடத் தெரியாது. வடக்கில் பாதை திறந்த பின்னர் காப்பற்ற கடவைகளில் பல உயிர்கள் போயின. தெற்கிலும் 2005 ஏப்ரலில் பொல்கஹவெலவுக்கு அருகே கடவையொன்றில் பஸ் வண்டி மோதுண்டு பெருந்தொகையானோர் பலியானதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதன் பின்னர் மாதக்கணக்கில் கடிதம் எழுதினோம். எங்கள் கடவைக்கு ஒரு தடுப்புக் கம்பமும் காவலுக்கு ஆட்களும் வந்தார்கள். முறை மாறிக் காவல் நின்றவர்களில் ஒருவர் பெண். வெய்யிலுக்கு ஒரு தகரக் கொட்டில், ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. நிலையத்தில் மலசலகூடத்திற்காகச் சண்டை பிடித்த நாங்கள், கடவையில் பகல் முழுவதும் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு மலசலகூடம் இல்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லும் வரை யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசி அதற்கு ஒழுங்கு செய்தோம். நாடெங்கும் நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாகச் சேர்க்கப்பட்ட கடவைக் காப்பாளர்கள், நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை வீதிக்கு இறங்கிப் போராடியது பலருக்கும் தெரிந்த செய்தி. கோடிக்கணக்கான டொலர் செலவழித்துப் போட்ட பாதையில் எமது பிள்ளைகளின் உயிரைக் காப்பவருக்கு 250 ரூபா என்பதையும் நாங்கள் கொப்பியில் எழுதிவைத்தோம்.

சட்டம் எமக்குத் தரும் கை

எங்கள் கொப்பி ஒன்றும் புதுமையானதல்ல. இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில், 1990இல் உருவான மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 முதல் கிராமங்களில் மக்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் சம்பளப் பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தது. நடக்காத வேலைக்குப் போட்ட கணக்கையும் வேலை செய்யாதவர் பெயரில் எழுதிய கூலியையும் கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர் மக்களே. எழுத்தறியாத பெண்களும் அதில் முன்னின்றார்கள். அங்கே தொடங்கிய குரல்தான் 2005இல் இந்தியாவின் தகவலறியும் உரிமைச் சட்டம் பிறக்க வழிசெய்தது.

நாங்கள் கொப்பி எழுதிய காலத்தில் இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரஜையும் அரச நிறுவனமொன்றின் தகவல் அலுவலரிடம் தமிழில் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தரமுடியுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுக்கப்பட்டால் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் திருப்தியில்லையெனில் தகவல் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. வலுவிழந்தோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் சென்றுவர வசதி செய்யவேண்டுமென 2006இல் ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. சாய்தளம் கேட்டபோது நாங்கள் கெஞ்சினோம். அந்த விதிகள் அப்போது எமக்குத் தெரிந்திருந்தால் கெஞ்சியிருக்க மாட்டோம்.

உங்கள் சங்கமும் கேட்கக்கூடிய ஆறு கேள்விகள்

உங்கள் ஊரில் நடப்பது புகையிரத நிலையமாக இருக்கவேண்டும் என்பதில்லை. சந்தைக் கட்டடம், பஸ் நிலையம், வைத்தியசாலை விடுதி, வீதி எதுவாயினும் இக்கேள்விகள் பொருந்தும்.

1. வேலையின் பெயர், செலவு, பணம் தருபவர், ஒப்பந்தகாரர், தொடங்கும் முடியும் திகதிகள் எழுதிய பலகை வைக்கப்பட்டுள்ளதா? இல்லையெனில் அதையே முதலில் கேளுங்கள்.

2. முடிந்துவிட்டது என்று சொல்லப்படும் வீதத்தில் எவை அடங்கும்? மிச்சத்தில் எவை இருக்கின்றன?

3. மலசலகூடம், தண்ணீர், விளக்கு, சாய்தளம் ஆகியன வரைபடத்திலேயே உள்ளனவா? அத்திவாரம் வெட்டுமுன் கேட்டால் ஒரு கோடு. கட்டிய பின் கேட்டால் ஒரு சுவர்.

4. இந்த இடத்தை இதுவரை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள்? அவர்கள் இனி எந்த வழியால் போவார்கள்? எங்கள் கொப்பியில் விடுபட்ட கேள்வி இதுதான்.

5. திறந்த பின்னர் துப்புரவு, திருத்த வேலை, காவல் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? இரண்டு அலுவலகங்கள் ஆளை ஆள் காட்டினால் இரண்டிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

6. இங்கே வேலை செய்யப்போகும் பெண்களுக்கு என்ன வசதி உண்டு?

வாயால் கேட்பது காற்றோடு போய்விடும். எழுதுங்கள், திகதியிடுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லும்போது மரியாதையோடு சொல்லுங்கள். நல்லது நடந்தால் நன்றிக் கடிதமும் எழுதுங்கள். மறைப்புச் சுவர் எழுந்தபோது நாங்கள் எழுதிய நன்றிக் கடிதத்தை ஓர் உத்தியோகத்தர் தமது மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தார். அடுத்த தடவை அவர் எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை.

கொப்பி இன்னும் முடியவில்லை

பாதை திறந்த பின்னரும் வேலைகள் ஓயவில்லை. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான பழைய பாதையைச் செப்பனிட 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் வடக்குக்கான சேவை தடைப்பட்டது. 2024 ஒக்டோபர் இறுதியில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த மாதங்களில் கொழும்புக்கு மருந்தெடுக்கப் போகும் நோயாளர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மாரும் கூடுதல் காசு கொடுத்து இரவு பஸ்ஸில் இடிபட்டுப் போனார்கள். புகையிரதம் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை அது நின்றபோதுதான் மீண்டும் உணர்ந்தோம். தேவையான ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதில் என்ன குற்றம்?

அம்மம்மா இப்போது இல்லை. கோச்சியில் ஒரு தடவை கொடிகாமம் வரை அவரைக் கூட்டிச் சென்றேன். யன்னலோரம் இருந்து, நாவற்குழி வெளி கடந்து போகும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவர் கையைப் பிடித்துச் சாய்தளத்தைத் தேடினேன். அந்த நிலையத்தில் அது எங்கே இருக்கிறதென்று விசாரித்து, அன்றிரவு அதையும் கொப்பியில் எழுதினேன்.

பொருளாளர் அக்கா இன்றும் இடியப்பம் விற்கிறார். கடவைக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மீண்டும் ஒருமுறை வலப்பக்கம் பார்த்த பிறகுதான் தாண்டுவார். காவல் நிற்பவரோடு ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார். எங்கள் சங்கத்தில் இப்போது நான்காவது சீ.ஆர். கொப்பி ஓடுகிறது. அதன் முதற் பக்கத்தில், புதிதாகச் சேரும் பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று அக்காவின் அந்தக் கேள்வியைத்தான் எழுதிவைத்திருக்கிறோம்.

"தம்பி, மிச்சப் பத்து வீதம் என்ன?"

சகோதரிகளே, உங்கள் ஊரில் அடுத்த நாடா வெட்டப்படும் முன்னர், நீங்களும் ஒரு தடவை எழுந்து நின்று கேளுங்கள்.